செடிச் சாயத்தில் திசு ஸ்டெயினிங்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

செடியிலிருந்து சாயம் எடுத்து ஸ்லைடில் ஏற்றிப் பார்க்க இறங்குகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி நிற்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, அடிப்படையில் தொடங்கிச் சிக்கலானவற்றை நோக்கி அடுக்கியிருக்கிறது. கரைசல் அளவுகள், வேறாகச் சொல்லாத இடங்களில், 100 மி.லி.க்கானவை.

தாவரச் சாயம்னா சும்மா புராஜெக்டுக்குத்தானே? நிஜ லேபுல யாராவது இதை நம்பி ஸ்டெயின் பண்றாங்களா?

தினமும் பண்ணுகிறார்கள். நோய்க்கூறியல் ஆய்வகங்களில் அன்றாடம் ஓடும் ஹெச் அண்ட் இ முறையின் (ஹீமடாக்சிலின், பிறகு இயோசின்) முதல் பாதி ஹீமடாக்சிலின். அது மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ஹீமடாக்சிலம் கம்பெச்சியானம் என்ற மரத்தின் வைரத்திலிருந்து, அதாவது நடுக்கட்டையிலிருந்து, வருவது. 1865-இல் போமர் அதைப் படிகாரத்தோடு சேர்த்துப் பயன்படுத்தினார். இன்று நாம் கலக்கும் மேயர், எர்லிக், ஹாரிஸ் சூத்திரங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அதற்கும் முன்னால், 1714-லேயே நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் தசை நார்களைத் தெளிவாகப் பார்க்கக் குங்குமப்பூச் சாயம் ஏற்றியிருக்கிறார். எலாஸ்டிக் நார்களுக்குப் போடும் ஆர்சீன், லைக்கன்களிலிருந்து கிடைப்பது. கார்மைனையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அது செடியல்ல, காக்கினீல் பூச்சி.

ஹீமடாக்சிலின் இவ்வளவு நம்பகமாக வேலை செய்வதற்குக் காரணம் அதன் நிறமூன்றி (சாயத்தைத் திசுவோடு பிணைக்கும் உப்பு), பி.எச், முதிர்வு, கழுவும் முறை எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டுக்குள் வைத்திருப்பதுதான். பூச்சாற்றுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. கொதிக்க வைத்து, வடிகட்டி, ஊற்றிவிட்டு, “பிடிக்கவில்லை” என்று எழுதிவிடுகிறோம்.

துணியிலயும் கையிலயும் கழுவினா போகாத சாயம், திசுவுல மட்டும் ஏன் ஒரு முக்குல போயிடுது?

துணிச் சாயம் தொட்டியில் மணிக்கணக்கில், பெரும்பாலும் சூட்டில், ஏராளமான சாயத்தோடு நடப்பது. நம் செக்‌ஷன் என்னும் மெல்லிய திசுச் சீவல் 4 அல்லது 5 மைக்ரான் தடிமன். அறை வெப்பத்தில் அரை மணி நேரம்தான் சாயத்தில் நிற்கிறது. அதைவிட முக்கியமானது மின்னேற்றம். உட்கருவில் உள்ள டிஎன்ஏவின் பாஸ்பேட் குழுக்கள் எதிர் மின்னேற்றம் கொண்டவை. பெரும்பாலான செடிச் சாயங்கள் ஃபீனால் வகை. நடுநிலையானவை அல்லது அவையும் எதிர் மின்னேற்றம் கொண்டவை. ஆக, உட்கருவில் ஒட்ட அவற்றுக்குக் காரணமே இல்லை.

அங்கேதான் நிறமூன்றி வருகிறது. படிகாரத்திலுள்ள அலுமினிய அயனி சாய மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு, மொத்தக் கூட்டமைப்பையும் நேர் மின்னேற்றமாக்கி, உட்கருவோடு இணைக்கிறது. ஹீமடாக்சிலினுக்கும் இதே கதைதான்: படிகாரம் இல்லாமல் ஊற்றினால் அதுவும் மங்கலான பழுப்பைத் தவிர எதுவும் தராது.

சைட்டோபிளாசத்துக்கும் கொலாஜனுக்கும் நிலைமை நேர்மாறு. பி.எச் 5-க்குக் கீழே போனால் அங்குள்ள புரதங்களில் பெரும்பாலானவை நேர் மின்னேற்றம் பெறும்; எதிர் மின்னேற்றச் சாயம் நிறமூன்றி இல்லாமலேயே அவற்றில் ஏறும். இயோசினில் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவது இதற்காகத்தான்.

எந்தச் செடி எதுக்கு நல்லாப் பிடிக்கும்? எதுல ஆரம்பிக்கலாம்?

உட்கருவுக்கு என்றால் முதலில் பதிமுகம், அதாவது சப்பங்கி மரத்தின் வைரம். அதிலுள்ள பிரேசிலின், ஹீமடாக்சிலினைவிட ஒரே ஒரு ஹைட்ராக்சில் குழு குறைந்த உறவுக்கார மூலக்கூறு. படிகாரத்தோடு சேர்ந்தால் உட்கருவைச் சிவப்பாக்கும். அடுத்து ரோசெல் எனப்படும் சிவப்புப் புளிச்சையின் புல்லிவட்டம். இதிலுள்ள அந்தோசயனின்கள் (பூ, பழங்களின் சிவப்பு, ஊதா, நீல நிறமிகள்) டெல்ஃபினிடின், சயனிடின் வகை. இந்த இரண்டிலும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்த ஹைட்ராக்சில் குழுக்கள் இருப்பதால் அலுமினியத்தைப் பிடிக்கும். பெலார்கோனிடின், மால்விடின் வகைகளுக்கு அந்த அமைப்பு இல்லை. பூ எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இவைதான் முக்கிய நிறமி என்றால் படிகாரத்தால் பயன் குறைவு. செம்பருத்திப் பூவும் சயனிடின் வகைதான். ஆனால் அதன் வழவழப்புப் பசை ஃபில்டர் தாளை அடைத்து, ஸ்லைடில் படலமாகக் காயும். தொடக்கத்துக்கு ரோசெல்லே சுலபம்.

சைட்டோபிளாசத்துக்கு மருதாணியும் மஞ்சளும். மருதாணியின் லாசோன் அமிலத் தன்மையுள்ளது. புரதங்களின் அமினோ குழுக்களோடு சேர்ந்து ஆரஞ்சுப் பழுப்பு தரும். கொலாஜனுக்குக் குங்குமப்பூ, அதற்குத் தனி முறை உண்டு, கீழே வருகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள எலும்புக்கு மஞ்சிட்டிக் குடும்பச் செடிகள். மேடர் வேரைத் தின்ற விலங்குகளின் எலும்பு சிவப்பதை 1736-லேயே பெல்சியர் பதிவு செய்திருக்கிறார்.

சாறு எடுக்கத் தண்ணியா, ஆல்கஹாலா?

எந்த நிறமி என்பதைப் பொறுத்தது. அந்தோசயனின், பீட்ரூட் நிறமி, பிரேசிலின் ஆகியவை தண்ணீரில் வரும். மஞ்சளின் நிறமியான குர்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது, ஆல்கஹால்தான் வேண்டும். லாசோன் இலையில் சர்க்கரையோடு கட்டுண்டு இருப்பதால், லேசான அமில வெதுநீரில் ஓர் இரவு ஊறவிட்டால் விடுபடும்: 5 கிராம் பொடி, 100 மி.லி. நீர், 1 மி.லி. அசிட்டிக் அமிலம், 35 முதல் 40 டிகிரி.

இலைகளை ஆல்கஹாலில் போடுவதில் ஒரு தொல்லை, பச்சையமும் சேர்ந்து இறங்கிவிடும். பச்சை கலந்த சாறு திசு முழுவதும் அழுக்கு மஞ்சளாகப் படியும். இலை என்றால் தண்ணீரையே நாடுங்கள்.

இன்னொன்று: படிகாரம் ஆல்கஹாலில் கரையாது. ஆல்கஹால் சாற்றில் படிகாரத்தைக் கொட்டினால் வெள்ளைப் படிவம் அடியில் தங்கும். “கலக்கினேன், கரையவில்லை” என்று வருகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். ஆல்கஹாலில்தான் சாறு எடுத்தாக வேண்டுமென்றால், வடிகட்டியபின் வெதுவெதுப்பாகத் திறந்து வைத்து ஆல்கஹாலை ஆவியாக்கி, மீதத்தைத் தண்ணீரில் எடுத்து, அதன்பின் படிகாரம் சேருங்கள். பர்னர் தீயில் அல்ல, வாட்டர் பாத்தில்.

சரி, ஒரு முழுச் செய்முறையை அளவோட சொல்லுங்க.

ரோசெல்லை வைத்துப் பார்ப்போம். நிழலில் காய்ந்த புல்லிவட்டம் 10 கிராமைக் கொரகொரப்பாகப் பொடித்து, 100 மி.லி. காய்ச்சிவடித்த நீரில் 50 முதல் 60 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். கொதிக்க வேண்டாம். ஆறியபின் மூடி, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மெல்லிய துணியிலும் பிறகு ஃபில்டர் தாளிலும் வடிகட்டுங்கள். பொடி நீரை உறிஞ்சிக்கொள்வதால் 70 மி.லி. சுமார்தான் திரும்பக் கிடைக்கும். கிடைத்ததை அளந்து, 100 மி.லி.க்கு 5 கிராம் கணக்கில் பொட்டாஷ் படிகாரம் சேர்த்து, வெதுவெதுப்பாகக் கலக்கிக் கரையுங்கள்.

இனிதான் பலர் தவறவிடும் படி. ரோசெல் சாறு இயல்பிலேயே கடும் புளிப்பு, பி.எச் 2.5-ஐ ஒட்டி நிற்கும். அதிலுள்ள கரிம அமிலங்களும் அலுமினியத்துக்குப் போட்டியிடும். அந்த நிலையில் சாயத்தோடு அலுமினியம் சேராது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடை (0.1 நார்மல்) சொட்டுச் சொட்டாக விட்டு, கலக்கிக்கொண்டே பி.எச் 3.5-க்குக் கொண்டுவாருங்கள். திராட்சைச் சிவப்பாக இருந்த கரைசல் ஊதா கலந்த சிவப்புக்கு மாறுவது கண்ணுக்கே தெரியும். அந்த மாற்றம் வந்தால்தான் கூட்டமைப்பு உருவாகியிருக்கிறது. 4.5-ஐத் தாண்டினால் அலுமினியம் ஹைட்ராக்சைடாகத் திரிந்து கலங்கிவிடும். கடைசியாக 10 மி.லி. கிளிசராலும் ஒரு சிறு தைமால் படிகமும் போட்டு, ஓர் இரவு கழித்து மறுபடி வடிகட்டினால் சாயம் தயார்.

ஸ்லைடு பக்கம்: மெழுகு செக்‌ஷனைச் சைலீனில் 5 நிமிடம் இருமுறை, முழு ஆல்கஹாலில் 2 நிமிடம் இருமுறை, 90 சதவீதம், 70 சதவீதம் தலா 2 நிமிடம், பிறகு காய்ச்சிவடித்த நீர். சாயத்தில் 10, 20, 40 நிமிடம் என்று மூன்று ஸ்லைடுகளை வைத்து உங்கள் திசுவுக்கான நேரத்தைக் கண்டுகொள்ளுங்கள். எடுத்ததும் லேசான அமில நீரில் (100 மி.லி. நீருக்கு 0.5 மி.லி. அசிட்டிக் அமிலம்) மூன்று நான்கு முக்கு. ஈரத்தோடு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். 40 மடங்கு ஆப்ஜெக்டிவில் உட்கருச் சவ்வு ஒரு கோடாகவும், உள்ளே குரோமாட்டின் துகள் துகளாகவும் தெரிய வேண்டும். உட்கரு வெறும் வண்ணப் புள்ளியாக நின்றால் நேரம் அதிகம், இல்லையேல் கழுவியது போதாது.

என்கிட்ட மைக்ரோடோமும் (திசுவைச் சீவற கருவி) இல்ல, மெழுகும் இல்ல. எதுல பழகுறது?

வெங்காயத் தோலும் கன்னத்து உட்புறச் செல்லும் போதும். வெள்ளை வெங்காயமாக எடுங்கள். சிவப்பு வெங்காயத்தின் தோலில் அதற்கே உரிய அந்தோசயனின் இருப்பதால், எது உங்கள் சாயம் என்று பிரிக்க முடியாது. உரித்த சவ்வை 3 பங்கு எத்தனால், 1 பங்கு அசிட்டிக் அமிலக் கலவையில் 30 நிமிடம் வைத்து, நீரில் அலசி, மேலே சொன்ன சாயத்தில் போடுங்கள். கன்னச் செல்லை ஸ்லைடில் தேய்த்து, காயும் முன் 95 சதவீத ஆல்கஹாலில் 15 நிமிடம் நிறுத்துங்கள்.

செல்லைச் சிதையாமல் நிறுத்தும் இந்த நிலைப்படுத்தலை விட்டுவிட்டு உயிர்ச் செல்லின் மேல் நேராகச் சாயத்தை ஊற்றினால், முழுதாக இருக்கும் செல் சவ்வு அதைப் பெரும்பாலும் வெளியிலேயே நிறுத்திவிடும்.

எல்லாம் சொன்னபடி செஞ்சேன், உட்கரு மட்டும் பிடிக்கவே மாட்டேங்குது.

முதலில் திசுவைப் பதித்த அதே மெழுகுக் கட்டியிலிருந்து இன்னொரு செக்‌ஷனை வழக்கமான ஹீமடாக்சிலினில் போட்டுப் பாருங்கள். அதிலும் பிடிக்கவில்லை என்றால் குற்றம் திசுவுடையது. நிலைப்படுத்தத் தாமதமாகி அழுகியிருக்கலாம். எலும்பை வலுவான அமிலத்தில் அதிக நாள் ஊறவைத்ததில் டிஎன்ஏ சிதைந்திருக்கலாம். மெழுகு முழுதாகக் கரையாமல் இருக்கலாம். நிலைப்படுத்தலுக்கு, 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள துண்டை அதன் கனஅளவைப் போல் 10 முதல் 20 மடங்கு பஃபர் கலந்த 10 சதவீத ஃபார்மலினில் 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். தடித்த துண்டுகளின் நடுவில் மட்டும் உட்கரு மங்கினால், ஃபார்மலின் உள்ளே போய்ச் சேரவில்லை என்று பொருள்.

ஹீமடாக்சிலினில் பிடித்து உங்கள் சாயத்தில் பிடிக்காவிட்டால் சோதிக்க வேண்டிய வரிசை: பி.எச் (மேலே சொன்ன நிற மாற்றம் வந்ததா?), சாற்றின் அடர்த்தி, சாற்றின் வயது, நேரம். நேரத்தைக் கூட்டுவதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். அதைக் கடைசியில் வையுங்கள்; நேரத்தைக் கூட்டினால் உட்கருவைவிடப் பின்னணிதான் அடர்ந்து போகும்.

உட்கரு, சைட்டோபிளாசம், கொலாஜன் எல்லாம் ஒரே நிறமா வருது.

படிகாரத்தோடு சேராத தனிச் சாயம் கரைசலில் மிச்சம் இருக்கிறது என்பதன் அடையாளம் இது. ஒரே சாற்றில் சேர்ந்த சாயமும் சேராத சாயமும் கலந்திருக்கும்; சேராதது புரதங்களில் ஒட்டுகிறது. படிகாரத்தை 5 கிராமிலிருந்து 8 கிராமுக்கு உயர்த்திப் பாருங்கள். அறை வெப்பத்தில் 100 மி.லி. நீரில் 10 கிராம் வரை தாராளமாகக் கரையும். படிகாரம் கூடக் கூட உட்கருவின் தேர்வுத்திறன் கூடும், ஏறும் வேகம் குறையும்.

அப்படியும் பின்னணி நின்றால் கழுவலைச் சற்றுக் கடுமையாக்குங்கள்: 70 சதவீத ஆல்கஹாலில் 0.2 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரே ஒரு முக்கு. ஹீமடாக்சிலினுக்குப் போடும் 1 சதவீத அமில ஆல்கஹால் பூச்சாயத்துக்கு அதிகம்; ஒரு நொடியில் எல்லாவற்றையும் உருவிவிடும்.

ஸ்லைடு முழுக்கக் கறுப்பா, பழுப்பா துகள் துகளா இருக்கு. இது ஸ்டெயினா, அழுக்கா?

ஃபோகஸ் திருகியை மெல்லத் திருப்புங்கள். திசு தெளிவாக இருக்கும்போது துகள் மங்கி, துகள் தெளியும்போது திசு மங்கினால், அது திசுவின் மேல் படிந்த சாயக் கசடு. தினமும் பயன்படுத்தும் முன் சாயத்தை வடிகட்டுவது ஒன்றே வழி. செடிச் சாறுகளில் டானினும் (துவர்ப்புப் பொருள்) மாவும் பசையும் இருப்பதால், நேற்றுத் தெளிந்த கரைசல் இன்று கலங்கியிருக்கும்.

துகளும் திசுவும் ஒரே தளத்தில் இருந்தால் வேறு சில வாய்ப்புகள்: இரத்தம் நிறைந்த திசுவில் ஃபார்மலின் நிறமி, அல்லது மெலனின் போலத் திசுவுக்கே உரியவை. சாயம் ஏற்றாத செக்‌ஷன் ஒன்று கையில் இருந்தால் இந்தச் சந்தேகம் அரை நிமிடத்தில் தீரும்.

குழாய்த் தண்ணில கழுவினதும் நிறம் மாறி, அப்புறம் காணாமலே போயிடுச்சு. ஹீமடாக்சிலினுக்கு அப்படித்தானே பண்ணச் சொல்லுவாங்க?

ஹீமடாக்சிலினுக்குச் சரி. ஹீமடாக்சிலின் முதிர்ந்து உருவாகும் ஹீமடீன், அலுமினியத்தோடு சேர்ந்த நிலையில், அமிலத்தில் செம்பழுப்பு, லேசான காரத்தில் நீலம், அதனால்தான் காரத் தன்மையுள்ள குழாய் நீரோ, ஸ்காட் கரைசலோ (1 லிட்டருக்கு 3.5 கிராம் சோடியம் பைகார்பனேட், 20 கிராம் மக்னீசியம் சல்பேட்) பயன்படுத்துகிறோம். அந்தோசயனின் அந்த நடத்தையைத் தாங்காது. பி.எச் 3-க்குக் கீழே சிவப்பு, 4 முதல் 5 வரை நிறமற்ற வடிவம், 6 முதல் 7-க்குள் ஊதா, அதற்கு மேல் நீலம். கடும் காரத்தில் மூலக்கூறே உடைந்து மஞ்சளாகும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் வெளுப்பது இன்னும் வேகம்.

நிறம் காணாமல் போனதும் ஸ்லைடைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சாயம் கழுவிப் போகாமல் நிறமற்ற வடிவத்தில் அங்கேயே இருக்கலாம். 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் முக்கிப் பாருங்கள். சிவப்பு திரும்பினால் சாயம் இருக்கிறது, கழுவும் நீரைத்தான் மாற்ற வேண்டும். பதிமுகத்துக்கும் இதே அமிலக் கழுவல்தான் பாதுகாப்பு.

டிபிஎக்ஸ் (ஸ்லைடை நிலையா மூடற பிசின்) போடறதுக்கு ஆல்கஹால் வரிசையில கொண்டுபோனா எல்லா நிறமும் இறங்கிடுது. என்ன பண்றது?

ஆல்கஹாலைத் தவிர்த்துவிடுங்கள். முதல் வழி: ஸ்லைடை ஃபில்டர் தாளில் ஒற்றி, காற்றில் முழுதாக உலர்த்தி, நேராகச் சைலீன், பிறகு டிபிஎக்ஸ். மெழுகு செக்‌ஷனுக்கு இது பொதுவாகப் போதும். கன்னச் செல் போன்றவை உலரும்போது சுருங்கும்.

இரண்டாவது வழி கிளிசரின் ஜெல்லி: ஜெலட்டின் 10 கிராமை 60 மி.லி. நீரில் ஊறவைத்து, வாட்டர் பாத்தில் உருக்கி, கிளிசரால் 70 மி.லி., ஃபீனால் 0.25 கிராம் சேருங்கள். பயன்படுத்தும்போது சிறிதளவை மட்டும் உருக்கி, குமிழி வராமல் ஒரு துளி வைத்து, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கி, ஓரத்தை நகப்பூச்சால் அடையுங்கள். டிபிஎக்ஸ் அளவுக்குத் தெளிவு வராது; கிளிசராலின் ஒளிவிலகல் எண் 1.47, கண்ணாடியினது 1.52-ஐ ஒட்டியது. ஆனால் நிறம் நிற்கும். எப்படி மூடினாலும் அந்தோசயனின் ஸ்லைடு வெளிச்சத்தில் வெளுக்கும். படத்தை அன்றே எடுத்துவிட்டு, ஸ்லைடை இருட்டில் வையுங்கள்.

மஞ்சள் நல்லா மஞ்சளாத்தான் ஏறுது, ஆனா மைக்ரோஸ்கோப்புல ஒண்ணும் பிரிஞ்சு தெரியல. குங்குமப்பூ மட்டும் எப்படிச் சரியா வருது?

மஞ்சள் நிறத்துக்கே மாறுபாடு குறைவு. கண் அதை வெள்ளைப் பின்னணியில் சரியாகப் பிரிக்காது. மைக்ரோஸ்கோப்பில் நீல ஃபில்டரைப் போட்டால் மஞ்சள் இடங்கள் கறுத்துத் தெரியும். ஃபுளோரசன்ஸ் வசதி இருந்தால் மஞ்சளின் உண்மையான பலம் வெளிப்படும்: நீல ஒளியில் குர்குமின் பச்சையாக ஒளிரும். கரைசலுக்கு 2 கிராம் பொடியை 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு நாள் வைத்து வடிகட்டினால் போதும். 5 முதல் 10 நிமிடம் ஏற்றுங்கள். எடுத்ததும் தண்ணீரில் போட்டால் குர்குமின் அந்த இடத்திலேயே படிகமாகி ஸ்லைடெங்கும் மஞ்சள் ஊசிகளாகக் கிடக்கும். முதலில் அதே 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு முக்கு, பிறகு ஒற்றி எடுத்து, ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் கலந்த கிளிசராலில் மூடுங்கள். காரம் பட்டால் செம்பழுப்பாகிவிடும்.

குங்குமப்பூ சரியாக வருவது, அதைத் தண்ணீரே படாமல் நடத்துவதால். 2 கிராம் குங்குமப்பூவை 100 மி.லி. முழு ஆல்கஹாலில், இறுக மூடிய புட்டியில், 60 டிகிரி சூட்டுப் பெட்டியில் 48 மணி நேரம் வைக்க வேண்டும். உட்கருவுக்கு ஹீமடாக்சிலின், சைட்டோபிளாசத்துக்கு எரித்ரோசின் அல்லது ஃப்ளாக்சின் ஏற்றியபின், செக்‌ஷனை முழு ஆல்கஹாலில் நீர் நீக்கி, 5 நிமிடம் குங்குமப்பூக் கரைசல், மறுபடி முழு ஆல்கஹாலில் விரைவாக அலசல், சைலீன், டிபிஎக்ஸ். கொலாஜன் மட்டும் மஞ்சளாக, தசை சிவப்பாக நிற்கும். கரைசலில் சிறிது நீர் கலந்தாலும் மஞ்சள் கழன்றுவிடும். எனவே ஆல்கஹாலை அடிக்கடி மாற்றுங்கள்.

பீட்ரூட்?

முயன்று நேரம் செலவழிக்கத் தகாது என்பதே எங்கள் முடிவு. அதன் நிறமியான பீட்டலெய்ன் சூட்டில் சிதையும், வெளிச்சத்தில் வெளுக்கும், படிகாரத்தோடு பயனுள்ள கூட்டமைப்பு தராது. அமிலத்தில் சைட்டோபிளாசத்துக்கு இளஞ்சிவப்புத் தரும். கழுவும்போது பெரும்பகுதி போய்விடும்.

படிகாரத்துக்குப் பதிலா இரும்பு உப்பு போட்டா நிறம் இன்னும் அழுத்தமா வருமாமே?

வரும். இரும்பு நிறமூன்றிகள் அமிலத்தைத் தாங்கும் அடர் நிறம் தரும். வைகர்ட்டின் இரும்பு ஹீமடாக்சிலின் அதற்காகவே இருக்கிறது. செடிச் சாற்றில் சிக்கல் டானின். ஃபெரிக் உப்பு டானினைக் கண்டால் மை போலக் கறுத்துப் படியும். மருதாணி, மாதுளைத் தோல், மரப்பட்டைச் சாறுகளில் இதுதான் நடக்கும். அப்போது நீங்கள் பார்க்கும் கறுப்பு உங்கள் நிறமியே அல்ல, இரும்பு டானேட்.

இரும்பு வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே புட்டியில் கலக்காதீர்கள். செக்‌ஷனை 2 சதவீத ஃபெரிக் அமோனியம் சல்பேட்டில் 20 நிமிடம் வைத்து, நீரில் நன்றாக அலசி, அதன்பின் சாற்றில் இடுங்கள். அலசாமல் விட்டால் சாற்றுத் தொட்டியே கறுத்துவிடும்.

பதிமுகத்துல சாயம் எடுத்தேன், முதல் நாள் பிடிக்கல, பத்து நாள் கழிச்சுப் பிடிச்சுது. ஏன்?

மரத்தில் இருப்பது பிரேசிலின். திசுவில் ஏறுவது அது காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து உருவாகும் பிரேசிலீன். ஹீமடாக்சிலினும் இப்படித்தான் ஹீமடீனாக முதிர வேண்டும். 10 கிராம் சீவலை 100 மி.லி. நீரில் அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டி, 5 கிராம் படிகாரம் சேர்த்து, வாயைப் பஞ்சால் மூடி, வெளிச்சமுள்ள இடத்தில் ஒரு வாரம் முதல் இரு வாரம் வையுங்கள்.

அவசரம் என்றால் சோடியம் அயோடேட். மேயர் சூத்திரத்தில் 1 கிராம் ஹீமடாக்சிலினுக்கு 0.2 கிராம் போடுகிறார்கள். மரச்சாற்றில் பிரேசிலின் எவ்வளவு என்பது கட்டைக்குக் கட்டை மாறும் என்பதால் 100 மி.லி.க்கு 20 மி.கிராமில் தொடங்குங்கள். கூடிவிட்டால் சாயம் எல்லை தாண்டி ஆக்சிஜனேற்றமாகிப் பழுப்புக் கசடாக இறங்கும்; அதைத் திருப்ப முடியாது. குறைந்தால் இன்னும் சிறிது சேர்க்கலாம்.

ரெண்டு செடிச் சாயத்தையே வெச்சு ஹெச் அண்ட் இ மாதிரி ரெட்டை நிறம் கொண்டுவர முடியுமா?

முடியும், நிறங்கள் ஒன்றையொன்று விழுங்காமல் பார்த்துக்கொண்டால். ரோசெல்லுக்கும் பதிமுகத்துக்கும் மேல் இயோசின் போடுவதுதான் பலர் செய்யும் வேலை; சிவப்பின் மேல் இளஞ்சிவப்பு, எதுவும் பிரியாது. சிவந்த உட்கருவுக்கு மருதாணியின் வெளிர் ஆரஞ்சோ குங்குமப்பூவோ பொருந்தும். எப்போதும் உட்கருச் சாயம் முதலில்.

மருதாணி மெதுவாக ஏறும், 30 முதல் 60 நிமிடம் ஆகும். மேலே சொன்ன அமிலச் சாற்றையே பயன்படுத்துங்கள், ஆனால் பி.எச் 4-ஐ ஒட்டி இருக்கட்டும். அதற்குக் கீழே இறங்கினால் முதலில் ஏற்றிய அலுமினியக் கூட்டமைப்பு கழன்று வரத் தொடங்கும். பிக்ரிக் அமிலமுள்ள பூவான் கரைசலில் நிலைப்படுத்திய திசுவாக இருந்தால், பிக்ரிக் அமிலத்தின் மஞ்சளை 70 சதவீத ஆல்கஹாலில் முழுதாகக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். இல்லையேல் எந்த மஞ்சள் எதனுடையது என்று தெரியாது.

போன தடவை சூப்பரா வந்துச்சு, இந்தத் தடவை அதே அளவுல போட்டும் மங்கலா இருக்கு.

பொடியின் எடை ஒன்றாக இருந்தாலும் நிறமியின் அளவு ஒன்றாக இருக்காது. பருவம், உலர்த்திய விதம், சேமித்த காலம் எல்லாம் மாற்றும். எனவே எடையை விட்டு நிறமியை அளங்கள். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) இருந்தால் படிகாரம் சேர்க்கும் முன் அந்தோசயனின் சாற்றை பி.எச் 1.0, பி.எச் 4.5 பஃபர்களில் நீர்க்கவைத்து, 520, 700 நானோமீட்டரில் படித்து ஒப்பிடலாம். குர்குமினுக்கு ஆல்கஹாலில் 425 நானோமீட்டர். நல்ல ஸ்லைடு தந்த சாற்றின் அளவீட்டைக் குறித்துவைத்து, ஒவ்வொரு புதுச் சாற்றையும் அதற்கு நீர்த்தோ வற்றவைத்தோ கொண்டுவாருங்கள்.

பூச்சாயங்களைத் தைமாலோடு குளிரில் வைத்தாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நம்பாதீர்கள். மேலே பூஞ்சைப் படலம் வந்துவிட்டால் வடிகட்டிப் பயன்படுத்தவும் வேண்டாம். பூஞ்சை இழையும் வித்தும் ஸ்லைடில் செல்போலவே தெரியும். பதிமுகம் இதைவிட நீண்ட நாள் தாங்கும்.

‘நல்லா ஸ்டெயின் ஆகுது’ன்னு எழுதினா எக்ஸாமினர் ஒத்துக்க மாட்டேங்கறார். எப்படி நிரூபிக்கறது?

ஒத்துக்கொள்ளாமல் இருப்பதே சரி. ஒரே மெழுகுக் கட்டியின் அடுத்தடுத்த செக்‌ஷன்களில் குறைந்தது ஐந்து ஸ்லைடுகள் வேண்டும்: எதுவும் ஏற்றாதது, படிகாரம் மட்டும், சாறு மட்டும், இரண்டும் சேர்ந்தது, வழக்கமான ஹெச் அண்ட் இ. சாறு மட்டும் ஏற்றியதற்கும் இரண்டும் சேர்ந்ததற்கும் வேறுபாடே இல்லையென்றால், உங்கள் நிறமூன்றி வேலை செய்யவில்லை.

மதிப்பெண்ணை உட்கருத் தெளிவு, சைட்டோபிளாசத் தெளிவு, பின்னணி என்று தனித்தனியாக 0 முதல் 3 வரை கொடுக்கச் சொல்லுங்கள். பார்ப்பவர் சாயம் செய்தவராக இருக்கக் கூடாது. எந்த ஸ்லைடு எது என்பதும் அவருக்குத் தெரியக் கூடாது. படமெடுக்கும்போது எல்லா ஸ்லைடுக்கும் ஒரே வெளிச்சம், ஒரே வெள்ளைச் சமநிலை. தானியங்கி அமைப்பில் விட்டால் கேமரா மங்கல் நிறங்களைத் தானே தூக்கிக் காட்டி ஏமாற்றும்.

அப்போ இதை வெச்சு நோயாளி ரிப்போர்ட் கொடுக்கலாமா?

கூடாது. புற்றுநோயா இல்லையா என்பது பல நேரம் குரோமாட்டினின் நயத்தையும் உட்கருவின் விளிம்பையும் பார்த்து முடிவாகிறது. சாற்றுக்குச் சாறு மாறும் சாயத்தில், தெரியாத நயம் நோயால் தெரியவில்லையா சாயத்தால் தெரியவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கற்பித்தலுக்கும், ஒப்பீட்டு ஆய்வுக்கும், வெங்காய வேர், தண்டுக் குறுக்குவெட்டு போன்றவற்றுக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இயற்கைச் சாயம்தானே, கையுறை இல்லாம செஞ்சு சிங்க்ல ஊத்திடலாமா?

ரோசெல் சாற்றை மட்டும் என்றால் தயங்காமல் ஊற்றலாம். ஆனால் இந்த வேலையில் ஆபத்து சாயத்தில் இல்லை, அதைச் சுற்றியுள்ளவற்றில் இருக்கிறது. ஃபார்மலின் புற்றுநோய் ஊக்கி, சைலீன் ஆவி நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும், ஃபீனால் தோலைச் சுடும், ஆல்கஹால் எரியும். ஃபார்மலினையும் சைலீனையும் தனித்தனிக் கழிவுப் புட்டிகளில் சேருங்கள், ஃபியூம் ஹுட்டில் வேலை செய்யுங்கள், நைட்ரைல் கையுறை அணியுங்கள். பழைய ஹாரிஸ் சூத்திரத்தைப் பார்த்து மெர்க்குரிக் ஆக்சைடு போட்டு முதிரவைக்க வேண்டாம்; சோடியம் அயோடேட் அதே வேலையைச் செய்யும். மருதாணிப் பொடி வாங்கும்போது இலை மட்டும் கொண்டதாகப் பாருங்கள். கறுப்பு மருதாணி என்ற பெயரில் வருவதில் பாரா ஃபீனிலீன் டையமீன் கலந்திருக்கலாம். தோலில் கடும் ஒவ்வாமை தருவதோடு, ஸ்லைடில் ஏறும் நிறமும் லாசோனுடையதாக இருக்காது.